கம்பிக் கிளிப் மூடி போட்ட பெரிய கண்ணாடி ஜாடிகள்: மலையில் தேடி, சோதித்து, வாங்குவதற்கு முழுமையான வழிகாட்டி

உதகை, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் உப்பு நீர்விட்டு நிற்கும். காலையில் வாங்கிய வர்க்கி சாயங்காலத்துக்குள் நமத்துப்போகும். காப்பித்தூள் கட்டி தட்டும். கொடைக்கானலிலும் இதே கதைதான். சாதாரண மூடி போட்ட டப்பா எதுவும் இந்த மூடுபனிக்கு நெடுநாள் தாங்காது. கனமான கண்ணாடி, கண்ணாடி மூடி, நடுவில் ரப்பர் வாஷர், மேலே கம்பிக் கிளிப் என்று பழைய பாணியில் செய்த ஜாடி தாங்கும்.

இந்த ஜாடியைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வாயையும் மூடியையும்தான். வாஷர் போயிருந்தால் மாற்றலாம், கம்பி துருப்பிடித்திருந்தாலும் மாற்றலாம். வாய் விளிம்பு சில்லு போயிருந்தாலோ மூடி வேறு ஜாடியுடையதாக இருந்தாலோ, அந்த ஜாடி பூ வைக்கத்தான் ஆகும்.

முதலில், எந்த வகை வேண்டும்

கிளிப் மூடி என்று பொதுவாகச் சொன்னாலும் மூன்று வகை உண்டு. கடையில் மூன்றும் கலந்தே கிடக்கும்.

முதல் வகையில் மூடி ஜாடியோடு கீல் போல இணைந்திருக்கும். கழுத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம், மூடியின் பள்ளத்தில் இன்னொரு கம்பி, முன்பக்கம் கீழே அமுக்கும் கிளிப். இத்தாலியின் ஃபிடோ, பிரான்சின் லெ பார்ஃபே எல்லாம் இந்த இனம். இன்று புதிதாகக் கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான்.

இரண்டாவது வகையில் மூடி தனியாகக் கழன்று வரும். அதன் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். கம்பி வளைவு அதில் வந்து உட்கார, பக்கத்துக் கிளிப்பை அமுக்கினால் இறுகும். அமெரிக்காவில் 1882-ல் காப்புரிமை பெற்ற லைட்னிங் ஜாடி இந்த முறையைச் சேர்ந்தது. அடிப்பாகத்தில் புட்னம் என்ற எழுத்து புடைத்திருக்கும். கொடைக்கானலை 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியதாலும், 1901 முதல் அங்கே அவர்களுடைய பள்ளி இருந்ததாலும், பழைய அமெரிக்க ஜாடியைத் தேடுகிறவர்கள் பழனி மலைப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, ஜெர்மனியின் வெக். மூடியின் ஓரத்தில் தனித்தனி எஃகுக் கிளிப்புகளை மாட்ட வேண்டும். அந்தக் கிளிப்புகள் தொலையாமல் கிடைத்தால் நல்ல ஜாடி.

இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. பழைய கில்னர் (இங்கிலாந்து ஜாடி) என்று காட்டப்படுவதில் பெரும்பாலானவை திருகு வளையம் போட்டவை, கிளிப் இருக்காது. மேசன் என்ற அமெரிக்கத் திருகு மூடி ஜாடிகளில் 1858 நவம்பர் 30 என்ற காப்புரிமைத் தேதி புடைத்திருக்கும். அது அந்த ஜாடி செய்யப்பட்ட ஆண்டல்ல. அதே தேதியைப் பல பத்தாண்டுகள் அச்சில் வைத்தே வார்த்தார்கள். அந்தத் தேதிக்காக யாரும் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எவ்வளவு பெரியது

பழைய லைட்னிங் ஜாடியில் பெரியது அரை கேலன், அதாவது 1.9 லிட்டர் அளவு. லெ பார்ஃபேயில் 3 லிட்டர், ஃபிடோவில் 5 லிட்டர் வரை உண்டு. ஆகவே 5 லிட்டர் கிளிப் ஜாடியை நூறு வருஷப் பழசு என்று ஒருவர் சொன்னால் சந்தேகப்படலாம். மிட்டாய்க் கடைகளிலும் பேக்கரிகளிலும் இருந்த பெரிய பழைய ஜாடிகள் குமிழ் வைத்த கண்ணாடி மூடியோ தகர மூடியோ போட்டவை. பார்க்க அழகு, ஆனால் காற்றை அடைக்காது.

கொள்ளளவைக் கடைக்காரர் சொல்வதை வைத்து எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் ஊற்றிப் பார்த்துவிடலாம். 5 லிட்டர் ஜாடியில் அரிசி ஏறக்குறைய 4 கிலோ பிடிக்கும், சர்க்கரையும் அந்த அளவுதான். தேன் என்றால் 7 கிலோ வரும். ஜாடியின் எடையும் 2 கிலோவை ஒட்டி இருக்கும். ஒன்பது கிலோவைக் கம்பியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அடியில் ஒரு கை, கழுத்தில் ஒரு கை. தினமும் திறந்து மூடுவதற்கு 2 அல்லது 3 லிட்டர்தான் வசதி. ஐந்து லிட்டரை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் சரக்குக்கு ஒதுக்குங்கள்.

எங்கே தேடுவது

காயலான் கடையில் தொடங்குங்கள். உதகையிலும் குன்னூரிலும் வீடு காலி செய்கிறவர்கள் போடும் கண்ணாடிச் சாமான் அங்கேதான் முதலில் போகும். அங்கே போய் ஆன்டிக் என்ற பேச்சை எடுக்காதீர்கள், விலை ஏறிவிடும். “அண்ணே, ஊறுகாய் போட கம்பி வெச்ச மூடி பாட்டில் வந்தா எடுத்து வைங்க, மூடி தனியா கிடந்தாலும் தூக்கிப் போட்றாதீங்க” என்று சொல்லிவைத்தால் போதும். இரண்டாவது பாதிதான் முக்கியம். ஜாடியும் மூடியும் பிரிந்துபோவது பெரும்பாலும் இந்தக் கடைகளில்தான். மூடியைக் கண்ணாடித் தூளோடு மூட்டையில் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

வெலிங்டனில் ராணுவ ஸ்டாஃப் காலேஜ் இருப்பதால், பயிற்சி முடிந்து ஆண்டுதோறும் பல குடும்பங்கள் மொத்தமாக இடம் மாறும். உடையும் சாமானைக் கொண்டுபோக விரும்பாமல் விற்றுவிட்டுப் போவார்கள். அந்தச் சமயத்தில் குன்னூர், வெலிங்டன் பக்கத்து மளிகைக் கடை அறிவிப்புப் பலகைகளைப் பார்த்து வாருங்கள். புதிய ஜாடிதான் வரும் என்றாலும் நல்ல நிலையில், வாஷரோடு வரும்.

எஸ்டேட் பங்களா சாமான் ஏலம் அரிது. நடந்தால் சமையலறைச் சாமானைத் தனித்தனியாக விடாமல் பெட்டி பெட்டியாக விடுவார்கள். முந்தின நாளே பார்வையிட அனுமதி கேளுங்கள். பெட்டியில் மேலே தெரியும் இரண்டு ஜாடியை நம்பி ஏலம் கேட்டால் கீழே இருப்பது எல்லாம் ஜாம் பாட்டிலாக இருக்கலாம். தேவாலயங்களில் நடக்கும் விற்பனை விழாவும் அறுப்பின் பண்டிகை ஏலமும் இதைவிட எளிது. ஜாமும் ஊறுகாயும் போட்டுக் கொடுக்கும் மூத்த பெண்களிடம் வெறும் ஜாடி இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் ஜாடி வெளியே வரும். கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிவைக்கலாம்.

சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருக்களில் உள்ள பழம்பொருள் கடைகளைக் கடைசியில் வையுங்கள். விலை அதிகம் என்பது ஒரு காரணம். அங்கே ஜாடியை அலங்காரமாக நிறுத்தியிருப்பதால் பொருந்தாத மூடியை மேலே வைத்திருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

புதிதே போதும் என்றால் நீலகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர், கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை. பெரிய பாத்திரக் கடைகளில் கிளிப் ஜார் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பெங்களூருக்குப் போகிறவர்கள் அங்குள்ள ஐகியாவில் கோர்கென் என்ற பெயரில் உள்ள ஜாடியைப் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி வந்த அன்றே, கீழே வரும் சோதனைகளைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் நாள் கடந்தபின் விளிம்பில் உடைசல் தெரிந்து பயனில்லை.

வெளியூர் வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ளதால் சாக்கும் பழைய போர்வையும் கொண்டுவருவது நல்லது. எப்படியும் ஜாடிக்கு அதுதான் தேவை.

கடையில் நின்று செய்யும் சோதனை

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். ஒரு ஜாடிக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

வாஷர் இருந்தால் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான உடைசல் அதன் அடியில்தான் ஒளிந்திருக்கும். சுண்டுவிரல் நகத்தை வாய் விளிம்பில் வைத்து, மெதுவாக ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். விரல் சதையில் தெரியாத சில்லு நகத்தில் தட்டும். விளிம்பின் வெளி ஓரத்தில் வாஷர் உட்காராத இடத்தில் சிறு சில்லு இருந்தால் பரவாயில்லை. வாஷர் அமரும் தட்டையான பகுதியில் கடுகளவு சில்லு இருந்தாலும் காற்று போகும். வார்ப்பிலேயே வந்த மேடு வேறு, உடைசல் வேறு: மேடு வழவழப்பாக இருக்கும், உடைசல் நகத்தைக் கிழிக்கும். மூடியின் அடிப்பக்கத்துக்கும் இதே சுற்று.

அடுத்து விரிசல். செல்போன் டார்ச்சை ஜாடிக்குள்ளே விட்டு வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். விரிசல் வெள்ளிக் கம்பி போல மின்னும். கழுத்துக் கம்பி அழுத்தும் இடத்தையும், அடிப்பாகமும் சுவரும் சேரும் வளைவையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கம்பி சுற்றிய ஜாடியைத் தட்டினால் ஓசை எப்படியும் மங்கலாகத்தான் வரும். கம்பியைக் கழற்ற விட்டால் மட்டுமே தட்டிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

மூன்றாவது, மூடி இந்த ஜாடியுடையதுதானா என்பது. வாஷர் இல்லாமல் மூடியை வாயில் வைத்து இரண்டு விரலால் எதிரெதிர் ஓரங்களை மாற்றி மாற்றி அமுக்குங்கள். ஆடினால் மூடி கோணல் அல்லது வேறு ஜாடியுடையது. ஆடாமல் இருந்தால் கண்ணை விளிம்பு மட்டத்துக்கு இறக்கி, இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது, உள்ளே தெரியும் மங்கல். தண்ணீர் உப்புப் படிவாக இருந்தால் வினிகரில் கரையும். கண்ணாடியே அரித்துப் போயிருந்தால் எதிலும் போகாது. சிலர் உள்ளே எண்ணெய் தடவி மங்கலை மறைப்பார்கள். விரலை உள்சுவரில் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் விஷயம் தெரிந்துவிடும். வினிகரில் நனைத்த துணியை ஒரு மூலையில் ஐந்து நிமிஷம் ஒட்டிவைக்கக் கடைக்காரர் சம்மதித்தால் சந்தேகமே இல்லாமல் முடிவு தெரியும்.

கடைசியாக மோந்து பாருங்கள். நீலகிரித் தைலம் இருந்த ஜாடி என்றால் கவலையில்லை: வாசம் ரப்பரிலும் ஒட்டிய பிசினிலும்தான் இருக்கும், கண்ணாடியில் ஊறாது. பூச்சிமருந்து வாடையோ, இன்னதென்று சொல்ல முடியாத ரசாயன வாடையோ வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். தேயிலைத் தோட்டப் பகுதியில் பழைய ஜாடியில் எது இருந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வெளியே பெயிண்டில் எழுத்தோ படமோ இருந்தால் அதையும் உணவுக்கு எடுக்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சின் பாதிகள் சேர்ந்த இடத்தில் விழும் அச்சுக் கோடு அடியிலிருந்து வாய் விளிம்பின் மேல்வரை ஓடினால் அது இயந்திர வார்ப்பு. பெரும்பாலும், பாட்டில் வார்க்கும் ஓவன்ஸ் இயந்திரம் வந்த 1903-க்குப் பிந்தையது. கோடு கழுத்துக்குக் கீழே நின்று, விளிம்பு தேய்த்துச் சமன் செய்ததாக இருந்தால் அதற்கு முந்தைய முறையில் செய்தது. சாமான் போட்டு வைக்க இயந்திர வார்ப்பே மேல், ஏனென்றால் விளிம்பு சமமாக இருக்கும். மிகப் பழையதை வாங்கி அதில் ஊறுகாய் போடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

வாஷரும் கம்பியும்

பழைய வாஷரை வைத்துப் பயன்படுத்தவே வேண்டாம். இரண்டாக மடித்துப் பாருங்கள், மடிப்பில் வெடிப்புக் கோடு தெரிந்தால் அது செத்த ரப்பர். புது வாஷருக்கு மூடியின் அடியில் உள்ள பள்ளத்தை அளக்க வேண்டும்: உள்வட்ட விட்டம், வெளிவட்ட விட்டம் இரண்டும் மில்லிமீட்டரில். வாஷரின் உள்விட்டம் பள்ளத்தின் உள்விட்டத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. சிறிதாக இருந்தால் இழுத்து மாட்டும்போது சரியாகப் பிடிக்கும். லெ பார்ஃபேயில் வாய் அளவைச் சொல்லித்தான் வாஷர் விற்கிறார்கள். பெரிய ஜாடிகளுக்கு 100 மி.மீ.

தடிமன் 3 மி.மீ.க்கு மேல் போனால் கிளிப் மூடாது. பலவந்தமாக அமுக்கினால் கழுத்துதான் உடையும். பிரஷர் குக்கர் கேஸ்கட் இதற்குப் பொருந்தாது, விட்டம் மிகப் பெரியது. பொருத்தமான வாஷர் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகக் கடைகள் உள்ள பகுதியில் ரப்பர் ஷீட் வெட்டித் தருகிறவர்களைக் கேளுங்கள். பம்புக்குப் போடும் கறுப்பு ரப்பர் வேண்டாம், வாடை இறங்கும். ஃபுட் கிரேடு சிலிகான் ஷீட் என்று சொல்லி வாங்குங்கள். எண்ணெய் ஊறுகாய்க்கு எப்படியும் சிலிகான்தான் சரி. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பி, நெளிந்து, வெளியே பிதுங்கும்.

கம்பி தளர்ந்திருந்தால் மூடிக் கம்பியைக் கழற்றி, அதன் இரு கால்களையும் குறடால் ஒரு மில்லிமீட்டர் போல உள்பக்கம் வளைத்து மாட்டுங்கள். ஜாடியில் இருக்கும்போதே வளைக்காதீர்கள். முழுதும் துருப்பிடித்ததற்குக் கட்டுக்கம்பி உதவாது. அது மெத்தென்று இருக்கும், இழுப்பு நிற்காது. ஒரு நிறுவனத்தின் பல அளவு ஜாடிகளுக்கு ஒரே வாய் அளவுதான் என்பதால், அதே நிறுவனத்தின் சிறிய புது ஜாடி ஒன்றை வாங்கி அதன் கம்பியைப் பெரிய ஜாடிக்கு மாற்றிவிடலாம். வாஷரும் சேர்ந்து கிடைக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு காகிதச் சோதனை: ஒரு விரல் அகலக் காகிதத் துண்டை வாஷருக்கும் விளிம்புக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். முன், பின், இரு பக்கம் என நான்கு இடத்திலும் இழுபடாமல் நிற்க வேண்டும். பின்பக்கக் கீல் அருகே மட்டும் நழுவினால் கழுத்துக் கம்பி கீழே இறங்கியிருக்கும். பிறகு கால்வாசித் தண்ணீர் ஊற்றி, செய்தித்தாள் மேல் பத்து நிமிஷம் கவிழ்த்து வையுங்கள். தாள் நனையக் கூடாது.

மலைப்பாதையில் கொண்டுபோவது

கிளிப்பைப் பூட்டியபடி கொண்டுபோகாதீர்கள். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவிலும் குன்னூர் மலைப்பாதையிலும் வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் இறுகிய கம்பி கழுத்தை நெருக்கும். வாஷரைக் கழற்றி, மூடிக்கும் வாய்க்கும் நடுவே மடித்த துணி வைத்து, கிளிப்பைத் தளர்த்தி நூலால் கட்டுங்கள். ஒவ்வொரு ஜாடிக்கும் தனிச் சாக்கு. டிக்கியில் படுக்க வைக்காமல், பின்சீட்டின் கால்வைக்கும் இடத்தில் நிமிர்த்தி நெருக்கமாக நிறுத்துங்கள். பேருந்து என்றால் மடிதான்.

கழுவி, கொதிக்கவைத்து, உலர்த்துவது

அடியில் ஒட்டிய பிசினுக்கு ஒரு கைப்பிடி அரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். மணல் வேண்டாம், கீறும். வாடைக்கு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஓர் இரவு நிரப்பி வைக்கலாம். தைலப் பிசின் இருந்தால் முதலில் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள்.

கொதிக்க வைப்பதில் மலைக்கென்று ஒரு கணக்கு உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக்குச் சொல்லும் பத்து நிமிஷம் இங்கே பற்றாது. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஒரு நிமிஷம் கூட்ட வேண்டும். உதகைக்கு 18 நிமிஷம், கொடைக்கானலுக்கு 17, குன்னூருக்கு 16 என்று வைத்துக்கொள்ளலாம். பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, பச்சைத் தண்ணீரில் ஜாடியை முழுக்கி, மெல்லிய தீயில் சூடேற்றுங்கள். கொதிக்கும் நீரில் பழைய ஜாடியை இறக்கினால் அடி தனியாகக் கழன்று வந்துவிடும். வாஷரைக் கூடவே கொதிக்க விடாமல், அடுப்பை அணைத்தபின் சுடுநீரில் போட்டு எடுத்தால் போதும்.

மழை மாதங்களில் ஜாடி தானாக உலராது. இரண்டு நாள் கவிழ்த்து வைத்தாலும் உள்ளே ஆவி நிற்கும். ஓவன் இருந்தால் வாஷர் இல்லாமல் உள்ளே வைத்து, அதன்பின் ஓவனைப் போட்டு 100 டிகிரியில் 20 நிமிஷம் விடுங்கள். அணைத்தபின் உள்ளேயே ஆற வேண்டும். ஓவன் இல்லாத வீட்டில் ஹேர் டிரையர் நன்றாகவே வேலை செய்யும்.

போட்டு வைத்தபின்

உப்பு, ஊறுகாய் போட்ட ஜாடியில் கம்பிக்குத்தான் ஆபத்து. ஒவ்வொரு முறை எடுத்தபின்னும் விளிம்பைத் துடைத்து, கம்பியில் ஒரு சொட்டுக் கடலை எண்ணெய் தடவி வந்தால் துரு ஏறாது. மலைப்பூண்டு, எலுமிச்சை போல உப்பில் ஊறிப் பொங்கும் சரக்குக்கு ஜாடியில் முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். முதல் வாரம் கிளிப்பைப் பூட்டாமல் மூடியை மட்டும் சாத்தி வையுங்கள். வர்க்கி, பிஸ்கட், காப்பித்தூளுக்கு இந்தக் கவலை இல்லை. மூடுபனி இறங்கிய நேரத்தில் திறந்து வைக்காமல் இருந்தால் போதும்.

உயரம் மாறும்போது ஜாடி வேறு விதமாக நடந்துகொள்ளும். உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மேட்டுப்பாளையத்தில் எண்ணெய் ஊறுகாய் போட்டுப் பூட்டிய ஜாடியை அப்படியே மேலே கொண்டுவந்தால் உள்ளே உள்ள காற்று மூடியைத் தள்ளும், எண்ணெய் விளிம்பு வழியாகக் கசியும். வழியில் பர்லியாறில் ஒருமுறை, குன்னூரில் ஒருமுறை கிளிப்பைத் திறந்து மூடினால் கசியாது. உதகையில் பூட்டிய ஜாடியைக் கீழே இறக்கினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். பத்து சென்டிமீட்டர் வாயின் மேல் 15 கிலோ அளவுக்கு வெளிக்காற்று அழுத்தும்; கிளிப்பை எடுத்தாலும் மூடி அசையாது. கத்தியை நுழைத்து நெம்பினால் நல்ல விளிம்பு சில்லு போய்விடும். வாஷரில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கு அதற்காகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக் கிடைமட்டமாக இழுங்கள், புஸ்ஸென்று காற்று உள்ளே போன மறுகணம் மூடி கையோடு வரும். வெட்டிச் செய்த வாஷரில் இந்த நாக்கு இருக்காது. ஷீட் வெட்டக் கொடுக்கும்போதே ஒரு விரல் அகலத்துக்கு நாக்கு விட்டு வெட்டச் சொல்லுங்கள்.